என் அப்பாரு நிற்கும் இந்தக் கட்டடம் ஊட்டியில் எங்கே இருந்தது?

இந்துநகர் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது ஊட்டி இந்து நகர் குவார்ட்டர்ஸில். 1990-இல் கல்யாணமாகித் திருப்பூர் வந்தேன், அப்படியே இங்கேயே தங்கிவிட்டேன். அப்பா அங்கே ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற ஃபிலிம் பாக்டரியில் வேலை பார்த்தவர். போன ஆடியில் தவறிவிட்டார். காரியமெல்லாம் முடிந்து அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். மேலே இரண்டு கம்பளி ஸ்வெட்டர். அதற்குக் கீழே பாக்டரி அடையாள அட்டை. அதற்கும் கீழே ‘இந்து’ என்று பாக்டரியின் பிராண்டு பெயர் அச்சடித்த போட்டோ பேப்பர் கவர், அதற்குள் பதினொரு படங்கள். பத்துப் படங்களில் இருப்பது யார், எந்த இடம் என்று எனக்குத் தெரியும். பதினொன்றாவது படத்துக்காகத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

படத்தை மேலே ஏற்றியிருக்கிறேன். போனில் பார்ப்பவர்களுக்குத் தெளிவாக இருக்காது என்பதால் சொல்லிவிடுகிறேன். நடுவில் நிற்பவர் என் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா. முட்டிக்கு மேலே மடித்துக் கட்டிய வேட்டி, பட்டாளத்துப் பழைய கோட்டு, தலையில் கம்பளிக் குல்லா, காலில் செருப்பு இல்லை. வலது கையில் வளைந்த ஏதோ ஒன்று பளபளக்கிறது. அவருக்குப் பின்னால் ஒரு கட்டடம். இடுப்பு உயரத்துக்குக் கருங்கல் சுவர், அதற்கு மேலே முழுக்கத் தகரம். இரட்டைக் கதவில் ஒன்று மட்டும் திறந்திருக்கிறது, உள்ளே கும்மிருட்டு. கதவுக்கு மேல் சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டு நடுவில் 7 என்று எழுதியிருக்கிறது. கட்டடத்தின் இடது மூலைக்கு அப்பால் தண்ணீர் தெரிகிறது. நிறையத் தண்ணீர். அதற்குப் பின்னால் மேடு.

அப்பாரு சிறுமுகைப் பக்கத்திலிருந்து மலையேறியவர். மூட்டை தூக்கப் போனவர். நான் மூன்றாவது படிக்கும்போதே இறந்துவிட்டார். அவர் பேசியது எதுவும் எனக்கு நினைவில்லை, அவர் கோட்டின் சாக்கு வாசனை மட்டும் நினைவிருக்கிறது. அப்பத்தா ஒரே ஒரு பெயர் சொல்லுவார்: “ஏரிக்கரை மண்டி.” உன் அப்பாரு ஏரிக்கரை மண்டிக்குப் போயிட்டாரு, ஏரிக்கரை மண்டியில கூலி போட்டாங்க, இப்படி.

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை பஸ் பிடித்துப் போய் ஊட்டி ஏரியைச் சுற்றி நடந்தேன். படகு இல்லத்திலிருந்து ரயில்வே ஸ்டேஷன் வரை, அப்புறம் செயின்ட் தாமஸ் சர்ச் வரை. கையில் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேடாக ஒப்பிட்டுப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. ஏரிக்கரையில் இருக்கும் கடைக்காரர்களிடம் கேட்டேன். எல்லோரும் சின்னப் பிள்ளைகள், அன்பாகத்தான் பேசினார்கள், ஆனால் மண்டி என்றால் மேட்டுப்பாளையம் என்கிறார்கள்.

ஊட்டியின் பழைய கட்டடங்கள் என்று தேடினால் பங்களாக்கள்தான் வருகின்றன. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்றைக்குக் கலைக் கல்லூரியாக இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும். செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். சந்தோஷம்தான். என் அப்பாரு முப்பது வருடம் முதுகு தேய்ந்த கட்டடம் எங்கே இருந்தது என்று சொல்ல மட்டும் எந்தப் பக்கமும் இல்லை.

பெரியவர்கள் யாராவது பாருங்கள். இது எந்த இடம்? ஏரிக்கரையில் மண்டி இருந்ததா?

ரயில்வே காலனி:

சகோதரி, நீங்கள் நடந்தது இன்றைய ஏரியைச் சுற்றி. அப்பத்தா சொன்னது அந்த ஏரி இல்லை என்று நினைக்கிறேன்.

சல்லிவன் 1823-25 வாக்கில் ஓடைகளை மறித்து ஏரியை உண்டாக்கியபோது அது மார்க்கெட் பக்கம் வரை கையை நீட்டிக்கொண்டு கிடந்தது. பிறகு குறுக்கே வில்லோ பண்ட் என்று ஒரு கரை போட்டார்கள். கரைக்கு மேல்பக்கம் இருந்த ஏரி தூர்ந்து மைதானமாகி, ஹோபார்ட் பார்க் என்று பெயர் வாங்கி, குதிரைப் பந்தய மைதானம் ஆனது. இன்றைய பஸ் ஸ்டாண்டும் ஏரி கிடந்த இடம்தான். இப்போது மிச்சம் இருப்பது 65 ஏக்கர் என்கிறார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். இதெல்லாம் உங்கள் அப்பாரு பிறப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. 1908-இல் மலை ரயில் ஊட்டி வந்து சேர்ந்தபோதே அந்த மைதானத்தில் குதிரை ஓடிக்கொண்டிருந்தது. அப்படியிருக்க அவர் பின்னால் தண்ணீர் எப்படி வந்தது? இதற்கு என்னிடம் பதில் இல்லை. காந்தல்காரர் ஐயா இந்தப் பக்கம் வந்தால் கேளுங்கள்.

காந்தல்காரர்:

அம்மிணி, படத்தை என் பேத்தியின் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் பார்த்தேன். இடம் எனக்குத் தெரிகிறது.

முதலில் அந்தத் தண்ணீர். இடது மூலையை நன்றாகப் பெரிதாக்குங்கள். தண்ணீருக்குள் வெள்ளை வெள்ளையாக வரிசையாகக் குச்சி நட்ட மாதிரி தெரியும். எண்ணினேன், ஒன்பது இருக்கிறது. ஏரிக்குள் யார் வரிசையாகக் குச்சி நடுவார்கள்? அது ரேஸ் கோர்ஸின் வேலிக் கட்டை. மைதானம் முழுக்க மழைத் தண்ணீர் நிற்கிறது, அவ்வளவுதான். ஐப்பசி கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் பெய்தால் கோடப்பமந்து கால்வாய் பொங்கி வந்து அந்தப் பள்ளம் முழுக்க நிரம்பிவிடும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அப்படி நிரம்பினால் ‘ஏரி வந்திருச்சு’ என்றுதான் சொல்லுவோம். இன்றைக்கும் பெருமழை பெய்தால் பஸ் ஸ்டாண்ட் பக்கமும் ரயில்வே பாலத்தடியும் முட்டியளவு தண்ணீரில் நிற்பதைப் பேப்பரில் படம் போடுகிறார்களே, அதே தண்ணீர். அதனால் உன் அப்பத்தா சொன்ன ஏரிக்கரை பொய்யில்லை. மார்க்கெட் ஆட்களின் வாயில் அந்தப் பள்ளத்தின் ஓரம் கடைசி வரை ஏரிக்கரைதான்.

இப்போது மண்டி. நான் 1948-இல் பிறந்தவன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு மார்க்கெட்டுக்கு வந்தேன், நாற்பத்தொரு வருடம் காய்கறிக் கடை வைத்திருந்தேன். எங்கள் கடைக்குச் சரக்கு எடுக்கப் போன இடங்களில் இது ஒன்று. மார்க்கெட்டிலிருந்து எட்டின்ஸ் ரோட்டுப் பக்கம் இறங்கும்போது, பள்ளத்தைப் பார்த்த மாதிரி வரிசையாகத் தகரக் கொட்டகைகள் இருந்தன. கருங்கல் இடுப்புச் சுவர் எதற்கென்றால், மழைத் தண்ணீர் ஏறி வந்தாலும் மூட்டை நனையக் கூடாது. உள்ளே தரையிலும் சும்மா போட மாட்டார்கள். மரச்சட்டம் அடித்து, அதற்கு மேல் பலகை போட்டு, அதற்கு மேல்தான் மூட்டை. கதவுக்கு மேல் சுண்ணாம்பில் எண் போட்டிருக்கும். லாரிக்காரன் எழுதப் படிக்கத் தெரியாதவனாக இருந்தாலும் ஏழாம் நம்பர் என்றால் வந்துவிடுவான். மண்டிக்குப் பெயர்ப்பலகை எல்லாம் கிடையாது.

அப்பாரு கையில் பளபளப்பது கொக்கி. மூட்டைக் கொக்கி. இரும்புக் கம்பியை வளைத்து, மறுமுனையில் மரப்பிடி போட்டது. மூட்டையின் காதைக் கொக்கியில் மாட்டி ஒரு இழுப்பு, குனிந்து ஒரு திருப்பு, மூட்டை முதுகில் இருக்கும். ஊட்டி உருளைக்கிழங்குக்கு மேட்டுப்பாளையத்தில் இன்றைக்கும் 45 கிலோ மூட்டைதான் கணக்கு. விடியற்காலை நான்கு மணிக்கு, பனி புல்லில் வெள்ளையாக உறைந்திருக்கும்போது, செருப்பில்லாமல் அந்த ஈரப் பலகையில் ஏறி லாரியில் அடுக்குவார்கள். செருப்பு போட்டால் பலகையில் வழுக்கும். அதனால்தான் படத்தில் வெறுங்கால். வறுமைக்காக மட்டும் இல்லை. கொக்கியை ஒருவர் இன்னொருவருக்கு இரவல் தர மாட்டார். பிடி அவரவர் கைக்குத் தேய்ந்திருக்கும்.

உள்ளே வேறொரு வேலையும் நடக்கும். கிழங்கு பொறுக்குவது. மூட்டையைக் கொட்டி, பெரியது, நடுத்தரம், பொடி, வெட்டுப்பட்டது என்று பிரிக்க வேண்டும். அதற்குப் பெண்கள். செம்மண் ஒட்டிய கிழங்கைக் காலை முதல் சாயங்காலம் வரை கையால் தேய்த்துத் தேய்த்து அவர்கள் விரல் நுனி வெடித்திருக்கும். வேப்பெண்ணெய் தடவிக்கொள்வார்கள். ஒரு பழைய டின்னில் கரி அனலைப் போட்டு நடுவில் வைத்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கதவுக்குள் நுழைந்தால் ஈரச் சாக்கு, மண், கரிப்புகை, வேப்பெண்ணெய் எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை வரும். உனக்கு அப்பாருவின் கோட்டில் நினைவிருக்கிறது என்றாயே, அதுதான் அந்த வாசனை.

அந்த வரிசையை இடித்து நெடுநாளாகிறது. எந்த வருடம் என்று ஒரே தேதி சொல்ல முடியாது, ஏனென்றால் ஒரேயடியாக இடிக்கவில்லை. ஒரு கொட்டகையில் டயர் கடை வந்தது, ஒன்றில் லாட்ஜ், ஒன்று வண்டி நிறுத்தும் இடம். கடைசியாக நின்ற கருங்கல் சுவரில் ஒரு பகுதியை நான் 1990-களில் பார்த்திருக்கிறேன். அதன் மேல் சிமெண்ட் பூசி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள்.

நீ கேட்டதில் ஒன்றுக்கு மட்டும் மனசு கனத்துவிட்டது. பங்களாவுக்குத்தான் பக்கம் இருக்கிறது என்றாயே. உண்மைதான். துரை வீட்டில் யார் எந்த வருடம் இருந்தார், எவ்வளவுக்கு விற்றார் என்று வரி வரியாகப் புத்தகம் இருக்கிறது. சேரிங் கிராஸ் பவுண்டன் 1881-இல் ஊட்டியில் இறந்த கவர்னர் ஆடமின் நினைவாக வைத்தது என்று கல்லிலேயே படிக்கலாம். ஐந்துலாந்தரில் விளக்கு எரிந்த காலம் போனாலும் அந்தப் பெயரை இன்னும் மினிபஸ்காரன் கூவுகிறான். ஏழாம் நம்பர் மண்டியை அறிந்தவர்கள் என்று பார்த்தால், என் வயதில் மார்க்கெட்டில் இருந்தவர்கள் ஒரு கை விரல் அளவுக்குத்தான் மிச்சம். உன் வீட்டில் பெரிய மனுஷி யாராவது இருந்தால் இந்த வாரமே போய் உட்கார்ந்து கேள். தள்ளிப்போடாதே.

இருட்டறை:

வணக்கம் அம்மா. நானும் ஃபிலிம் பாக்டரிதான். உங்கள் அப்பா எனக்குச் சீனியராக இருந்திருப்பார். படத்தைப் பற்றி ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும்.

இது பழைய படத்தின் நேர் பிரிண்ட் இல்லை. படத்தைப் படம் எடுத்தது. நான்கு மூலையிலும் கறுப்பாகப் புள்ளி தெரிகிறதா? டிராயிங் பின்னின் தலையும் அதன் நிழலும். ஓரத்தில் மெல்லிசாக மரப்பலகையின் ரேகை ஓடுகிறது. யாரிடமோ இருந்த பழைய படத்தை உங்கள் அப்பா இரவல் வாங்கி, பலகையில் குத்தி வைத்து, காமிராவால் எடுத்து, நம் பேப்பரில் போட்டிருக்கிறார். நிழல் எல்லாம் ஒரே பக்கம் விழுவதால் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தது. அதனால் பேப்பரின் வயதைப் பார்த்துப் படத்தின் வயதைச் சொல்லாதீர்கள். படம் அதைவிட எவ்வளவோ பழையது.

இன்னொன்று. அந்தத் திறந்த கதவுக்குள் கும்மிருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிரிண்டில் இருட்டு. நெகட்டிவில் அந்த இடம் கண்ணாடி மாதிரி வெளுத்திருக்கும். வெளுப்பில் லேசாகச் சாம்பல் படிந்திருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பெட்டியில் நெகட்டிவ் இருக்கிறதா பாருங்கள். கவரின் உள்மடிப்பில் செருகி வைப்பது நம் ஆட்களின் பழக்கம். கிடைத்தால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள், விரல் ரேகை நடுவில் படக் கூடாது. பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் கொடுத்து ஸ்கேன் பண்ணுபவரிடம் கொடுங்கள். கதவுப் பகுதியை மட்டும் தனியாக வெளுக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு நினைவிருக்கும், பாக்டரியை இந்த மலையில் கொண்டுவந்து வைத்ததே குளிருக்காகவும் தூசியில்லாத காற்றுக்காகவும்தான். 1960-இல் கம்பெனி ஆரம்பித்தார்கள், பிரான்ஸிலிருந்து தொழில்நுட்பம் வந்தது, 1967-இல் உற்பத்தி. வெள்ளி உப்புகளும் ஜெலட்டினும் சேர்ந்த குழம்பை ஃபிலிம் மேல் பூசும் இடத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் கூடாது. எட்டு மணி நேரம் கண் இருந்தும் பார்க்காமல் வேலை. இடது கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்போம், எதிரே ஆள் வரலாம் என்பதால் வாயால் குரல் கொடுப்போம். புதிதாகச் சேர்ந்தவன் முதல் வாரம் பயந்து வியர்த்துப்போவான். மூத்தவர்கள்தான் தோளில் கை போட்டு நடத்திக் கூட்டிப்போவார்கள். என்னைக் கூட்டிப்போனவரின் கையை நான் இருட்டில்தான் அறிவேன். வெளியே கேன்டீனில் பார்த்தபோது, பேசிய பிறகுதான் இவர்தான் அவர் என்று தெரிந்தது.

எக்ஸ்ரே ஃபிலிம், சினிமா ஃபிலிம், ஸ்டூடியோ பேப்பர் என்று நாடு முழுக்கப் போனது. பிறகு கலர் வந்தது, டிஜிட்டல் வந்தது. இப்போது அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் நான் ஜன்னலுக்கு மறுபக்கம் உட்காருகிறேன்.

ஹட்டிக்காரன்:

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் படகர், ஹட்டி என்றால் எங்கள் ஊர். மண்டி ஏன் போனது என்பதை விளைவித்தவர்கள் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும் என்று தோன்றியது. லாட்ஜ் வந்ததால் மண்டி போகவில்லை. கிழங்கு குறைந்ததால் போனது.

என் தாத்தா காலத்தில் எங்கள் நிலம் முழுக்க உருளைக்கிழங்கு. 1961-இல் நீலகிரிக் கிழங்கில் முட்டைக்கூட்டு நூற்புழு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வேரில் கடுகைவிடச் சின்னதாக, தங்க நிறத்தில் உருண்டை உருண்டையாக ஒட்டியிருக்கும். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் நூற்றுக்கணக்கில் முட்டை. செடியைப் பிடுங்கி எறிந்தாலும் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண் ஒட்டிய கிழங்கோடு புழு மற்ற ஊர்களுக்கும் போய்விடும் என்று விதைக்கிழங்கை வெளி மாநிலத்துக்கு அனுப்பத் தடை வந்தது. எங்கள் ஆட்கள் மெல்ல மெல்லத் தேயிலைக்கு மாறினார்கள். கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் வந்ததும் மாறாதவர்களும் மாறினார்கள். தேயிலைக்கு மண்டி வேண்டாம், கிழங்கு பொறுக்கும் பெண்கள் வேண்டாம், கொக்கி வேண்டாம். லாரி நேராக பாக்டரிக்குப் போய்விடும்.

எங்கள் வீடும் அதோடு மாறியது. பழைய வரிசை வீட்டில் ஹாகோட்டு என்று பாலுக்கென்றே ஒரு உள்ளறை இருக்கும். எருமை இருந்தவரை அந்த அறைக்கு வேலை இருந்தது. மேய்ச்சல் நிலத்திலும் தேயிலை வைத்தோம், எருமையை விற்றோம், 1988-இல் வீட்டை இடித்து மாடி கட்டினோம். அப்போது எனக்குப் பதினான்கு வயது, புது வீடு என்று குதித்தேன். பாட்டி மட்டும் ஹாகோட்டு வாசற்படிக் கல்லைப் போடக் கூடாது என்று பிடிவாதமாக நின்றார். அது இன்றைக்கும் எங்கள் குழாயடியில் துணி துவைக்கும் கல்லாகக் கிடக்கிறது.

எங்களுக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில்தான் சல்லிவன் 1819-இல் கட்டிய பெத்தக்கல் பங்களா. வெகுகாலம் பாழடைந்து கிடந்ததைச் சீர்செய்து நினைவு இல்லம் ஆக்கினார்கள். நல்ல காரியம், நான் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். அதே மாதிரி ஒரே ஒரு ஹாகோட்டையாவது, ஒரே ஒரு கிழங்கு மண்டியையாவது விட்டுவைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. உங்கள் படத்தைப் பார்த்ததும் அது கூடிவிட்டது.

இந்துநகர் மகள்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. காந்தல்காரர் ஐயா, தள்ளிப்போடாதே என்று நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே கிளம்பிவிட்டேன்.

இருட்டறை அண்ணா சொன்னது அப்படியே நடந்தது. நெகட்டிவ் கவரின் உள்மடிப்பில் இருந்தது, பட்டர் பேப்பரில் சுற்றி. திருப்பூரில் பழைய ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர் ஸ்கேன் பண்ணிக் கொடுத்தார். கதவுப் பகுதியை வெளுத்துக்கொண்டே வந்தபோது முதலில் ஒரு டின் தெரிந்தது. அப்புறம் அதைச் சுற்றி முழங்கால்கள். அப்புறம் இரண்டு பெண்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஐயா எழுதிய கரி அனல் டின், அதே மாதிரி நடுவில்.

அந்தப் படத்தை பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு ஊட்டிக்குப் போனேன். அப்பாவின் தங்கை, என் அத்தை, நொண்டிமேட்டில் இருக்கிறார். எழுபத்தைந்து வயது. இத்தனை வருடத்தில் நான் அவரிடம் மண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அடுப்படியில் வைத்துப் படத்தைக் கையில் கொடுத்தேன். கண்ணாடி போடாமலேயே, இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மேல் விரலை வைத்தார். “இது அம்மா.” முகம் பாதிதான் தெரிகிறது அத்தை, எப்படிச் சொல்கிறீர்கள் என்றேன். சேலைத் தலைப்பை இரண்டு காதையும் மூடி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டிருக்கிறார் பார், ஊட்டிக் குளிர் காதில் ஏறும் என்று சாகும்வரை அப்படித்தான் கட்டினார் என்றார்.

அப்பத்தா மண்டியில் வேலை பார்த்தார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்பாரு மண்டிக்குப் போனார் என்று மட்டும்தான் எங்களிடம் சொல்லியிருக்கிறார். தானும் போனதைச் சொன்னதே இல்லை. அவர் விரல் நுனி கறுத்து வெடித்திருக்கும், குளிர் வெடிப்பு என்று நாங்கள் நினைத்திருந்தோம். வேப்பெண்ணெய் பாட்டில் ஜன்னல் மேல் எப்போதும் இருக்கும். நானே எத்தனையோ தடவை தடவிவிட்டிருக்கிறேன்.

கொக்கியைப் பற்றியும் கேட்டேன். அப்பாரு இறந்தபோது கூட வேலை பார்த்தவர்கள் வந்து, அதையும் அவரோடு குழிக்குள் வைத்தார்களாம்.

ஐயா, நீங்கள் சொன்ன எட்டின்ஸ் ரோட்டுச் சரிவுக்கு அத்தையை ஆட்டோவில் கூட்டிப்போனேன். மண்டி இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது. அத்தை இறங்காமல் உட்கார்ந்தபடியே பார்த்தார். ஏழாம் நம்பருக்கு எதிரே ஒரு குழாய் இருந்தது, பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேதான் அம்மாவுக்காகக் காத்து நிற்பேன் என்றார். குழாய் இருந்த இடத்தைக் கையால் காட்டினார். அங்கே ஒரு மின்பெட்டி இருக்கிறது.

வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் இரண்டாவது பெண் யாரென்று அத்தைக்கும் தெரியவில்லை. வயதானவர், மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, தோளில் ஆண்கள் போடும் கோட்டு. வெளுத்த படத்தைக் கீழே ஏற்றியிருக்கிறேன். மார்க்கெட் பக்கம், காந்தல் பக்கம் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் தயவு செய்து காட்டுங்கள். அவருக்கும் எங்கேயாவது பேரப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களிடம் இந்தப் படம் இல்லாமல் இருக்கலாம்.